புரோபின் எடை

ஜூன் 3, திங்கள்

காலையில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். வாயு கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, வால் எலும்புப் பக்கம் உள்ள சிறு இடைவெளியில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தேன். கண் விழிக்கும்போது குழந்தைக்கு வலி தெரியக்கூடாது, அதற்குத்தான் இது. இன்று தெரிந்தது. வார்டு வரைக்கும் அலறிக்கொண்டே போனது. சர்ஜன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

சமீபமாக இப்படி ஆவது இது முதல் தடவை அல்ல. காரணம் ஊசி. டெண்டர் மாறியதிலிருந்து மழுங்கல் சரக்குதான் வருகிறது. ஊசி சவ்வைத் தாண்டும்போது விரலில் ஒரு சின்ன 'டப்' தெரிய வேண்டும். அதை நம்பித்தான் இத்தனை வருடமாக இந்தத் தொழிலைச் செய்திருக்கிறேன். இந்த ஊசிகளில் அந்த 'டப்' வருவதே இல்லை. ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

சாயங்காலம் புதுச் செருப்பு வாங்கினேன். பழையதில் ஒன்று பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. ஒற்றைச் செருப்போடு வாசலில் நிற்கிறேன் என்று மனைவி விசாலம் சொல்லித்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் வார் வைக்கத் தெரியாதவன்தான் செருப்பு செய்கிறான்.

ஜூன் 5, புதன்

நடேசன் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நரம்பு மரக்க ஊசி போடுவதென்றால் இனி கட்டாயம் ஸ்கேன் திரையைப் பார்த்துத்தான் போட வேண்டுமாம். தெரியாதவர்கள் டாக்டர் ஜெஸிந்தாவிடம் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். 'தெரியாதவர்கள்' என்றால் எங்கள் துறையில் நான் ஒருவன்தான்.

நடேசன் என் வகுப்புத் தோழன். பரீட்சைக்கு முந்தின வாரம் என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னைவிட அரை மதிப்பெண் கூடுதல் வாங்கியவன். நான் மலைப்பகுதியில் ஆறு வருடம் கிடந்தபோது அவன் இங்கேயே இருந்து துறைத் தலைவர் ஆனான். ஜெஸிந்தா என் மாணவி. அவளுடைய ஆய்வேட்டை நான்தான் திருத்திக் கொடுத்தேன். இந்த ஸ்கேன் பயிற்சிக்குக் கோவைக்கு அனுப்ப ஆள் கேட்டபோது நானும் மனு கொடுத்தேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது என்று அவளை அனுப்பினார்கள். இப்போது ஐம்பத்து மூன்றில் அவளிடமே போய்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஜூன் 8, சனி

பயிற்சி. ஜெஸிந்தா வீட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தாள். கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி, உள்ளே வேகவைத்த மக்ரோனியைப் பதித்து உறையவைத்திருக்கிறாள். மக்ரோனிதான் நரம்பு. மேலே ஸ்கேன் கருவியின் கைமுனையை, அந்தப் புரோபை, வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தங்கப் பதக்கத்தை அரை மதிப்பெண்ணில் விட்டவன் கடல்பாசியைக் குத்திக்கொண்டு நின்றேன்.

ஊசி முனையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: திரையில் ஊசி பளிச்சென்று ஒரு கோடாக இறங்குவதும், மருந்து கறுப்புக் குளம்போல நரம்பைச் சுற்றிப் பரவுவதும் பார்க்க நன்றாக இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

ஆனால் கடல்பாசி தாங்கவில்லை. நான் புரோப் வைத்த இடத்திலெல்லாம் பள்ளம் விழுந்து, கடைசியில் நடுவில் பிளந்துவிட்டது. ஜெஸிந்தா சிரிக்கவில்லை. "லேசா வைங்க சார். குழந்தைங்க மேல வைக்கறப்ப புரோபோட எடையே போதும், நாம அழுத்தவே வேண்டாம்" என்றாள். நான் அழுத்தவில்லை. அவள் கடல்பாசியைச் சரியாகக் காய்ச்சவில்லை.

ஜூன் 10, திங்கள்

சர்க்கரை பார்த்து எத்தனை மாதம் ஆகிறது என்று விசாலம் கேட்டாள். இந்த வீட்டில் டாக்டர் யார் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 13, வியாழன்

வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பெண் குழந்தை. பெயர் தன்ஷிகா, ஐந்து வயது இன்னும் முடியவில்லை. பிறந்ததிலிருந்தே தசைகளில் பலமில்லாத நோய். மெல்லத்தான் நடக்கிறாள், மெல்லத்தான் பேசுகிறாள், மூச்சும் மெல்லத்தான். அம்மா முத்துப்பேச்சி தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவள். போன வருடம் வண்டி அருகே உட்கார்ந்திருந்த குழந்தை எழுந்திருக்கப் பிடிமானம் தேடி, இஸ்திரிப் பெட்டியின் மேலே வலது கையை ஊன்றிவிட்டது. முத்துப்பேச்சி சொன்னாள்: "நம்மளா இருந்தா வெடுக்குன்னு கைய எடுத்திருவோம்லா சார். அவளுக்கு எடுக்கத் தெம்பில்ல." இப்போது மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிக் கிடக்கின்றன.

அப்போதே வேறு ஊரில் ஒரு முறை ஆபரேஷன் செய்யப் பார்த்திருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்ததில், மயக்கம் தெளிந்தும் மூச்சு திரும்பவில்லை. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் பல நாள் கிடந்து பிழைத்திருக்கிறது. கையைத் தொடாமலே அனுப்பிவிட்டார்கள். இனி முழு மயக்கம் இல்லாமல் முடியும் என்றால் நம் பிளாஸ்டிக் சர்ஜன் செய்யத் தயார். அதாவது கையை மட்டும் மரக்கச் செய்ய வேண்டும். அதிலும் கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே போடும் ஊசி கூடாது. அது நுரையீரலுக்குப் பக்கம், மூச்சுத் தசையையும் பலவீனமாக்கும். அக்குள் வழியாகத்தான் போட வேண்டும். அங்கே ஒரு தமனியைச் சுற்றி நரம்புகள் இருக்கும். ஊசி முனைக்கும் தவறுக்கும் நடுவே மில்லிமீட்டர்கள்தான்.

"எம் பிள்ள மறுபடி அந்த மிஷின்ல கெடக்க வேண்டாம் சார். அப்படித்தான் செய்யணும்னா கை இப்படியே இருக்கட்டும்" என்றாள் முத்துப்பேச்சி. அவள் அழவில்லை. முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாத்தா, எனக்கு பென்சில் பிடிக்க வருமா?" என்று கேட்டது. தாத்தாவாம்.

வரும் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

சென்னைக்கு அனுப்பிவிடு என்கிறான் நடேசன். இங்கே ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்கிறான். முத்துப்பேச்சி சென்னைக்குப் போகமாட்டாள், அவளுக்கு வண்டிதான் சோறு, அங்கே போய்ப் பழக வழியில்லை, குழந்தையின் விரல்கள் அப்படியே மடங்கியே வளரும் என்று சொன்னேன். நீ போடப்போகிறாயா என்றான். நான்தான் என்றேன். ஜெஸிந்தா போடட்டுமே என்றான். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

பெரியவர்களுக்கு அக்குள் ஊசி போட்டு எத்தனை கைகளை மரக்கச் செய்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். ஜெஸிந்தா பக்கத்தில் இருந்து மருந்து தள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தான். இருபதாம் தேதி.

ஜூன் 16, ஞாயிறு

காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசாலம் வந்து டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய காபியாம். கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் கொப்புளம். பேப்பரில் சுவாரசியமான செய்தி.

ஜூன் 18, செவ்வாய்

வார்டில் தன்ஷிகாவின் அக்குளை ஸ்கேனில் பார்த்து வைத்துக்கொண்டேன். ஜெஸிந்தா வேறு தியேட்டரில் இருந்தாள். நானே தனியாகப் பார்த்தேன். குழந்தை திரையைப் பார்க்க வேண்டும் என்றது. திருப்பிக் காட்டினேன். நடுவில் வட்டமாகத் துடிப்பது என்ன என்று கேட்டது. ரத்தக்குழாய் என்றேன்.

"அது எனக்குள்ளயா இருக்கு?"

"உனக்குள்ளதான்."

"நான் தூங்குதப்பவும் துடிக்குமா?"

துடிக்கும் என்றேன். குழந்தைக்கு அது பிடித்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் வலிக்கிறது தாத்தா என்றது. பழக்கமில்லாத பொருள் மேலே பட்டால் குழந்தைகள் அப்படித்தான் சொல்லும்.

படம் அருமை. தமனி, அதைச் சுற்றி மூன்று நரம்புகள், வேறொன்றும் இல்லை. பெரும்பாலும் இந்த இடத்தில் சிரைகள் குறுக்கே கிடந்து தொல்லை கொடுக்கும். இந்தக் குழந்தைக்கு ஒன்றைக்கூடக் காணோம். இவ்வளவு சுத்தமான அக்குளை நான் பார்த்ததில்லை.

ஜூன் 19, புதன்

குழந்தையின் அக்குளில் புரோப் முனையின் அளவுக்கு நீள்சதுரமாகச் சிவந்த தடம் இருக்கிறது என்று முத்துப்பேச்சி காட்டினாள். மெல்லிய தோல் என்று சொன்னேன். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டாள். நாளை ஊசி போடுகிற இடம், ஒன்றும் தடவ வேண்டாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தோல் மரக்கும் களிம்பை முன்கூட்டியே போட்டாயிற்று. கொஞ்சம் சொக்கவைக்கிற இனிப்பு மருந்தை வாய்வழியே கொடுத்தோம். குழந்தை அரைத் தூக்கத்தில், ஆனால் பேசிக்கொண்டு, தானே மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தது. முத்துப்பேச்சியைத் தலைமாட்டில் நிறுத்தி, இடது கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கு நர்ஸ் முகம் சுளித்தார். செல்போனில் பொம்மைப் படம் ஓடியது. நான் வலது பக்கம். ஒரு கையில் புரோப், ஒரு கையில் ஊசி. ஊசியிலிருந்து போகும் குழாயின் மறுமுனை மருந்துச் சிரிஞ்சோடு ஜெஸிந்தாவின் கையில். இந்த வேலை இப்படித்தான். குத்துகிறவன் ஒருவன், அவன் சொல்லச் சொல்ல மருந்தைத் தள்ளுகிறவர் இன்னொருவர்.

திரையில் அதே சுத்தமான படம். ஊசி அழகாக இறங்கியது. முனை நரம்பின் பக்கத்தில் நின்றது. ஜெஸிந்தா சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். ரத்தம் வரவில்லை. "கொடு" என்றேன். கொஞ்சம் தள்ளினாள்.

திரையில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக் குளம் எங்கேயும் வரவில்லை.

மறுபடியும் கொடு என்றேன். அவள் தள்ளவில்லை.

"பரவல சார்."

"முனை கண்ணுக்குத் தெரியுது. ரத்தமும் வரல. கொடு."

அவள் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டாள். இப்படி ஒரு காரியத்தை என் சர்வீஸில் யாரும் எனக்குச் செய்ததில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முத்துப்பேச்சியையும் சேர்த்து. பிறகு சத்தம் எழுப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "புரோபைத் தூக்குங்க சார்" என்றாள்.

நான் அழுத்தவில்லை என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சும்மா வைத்திருப்பதாகத்தான் இருந்தது.

"அழுத்துறீங்க சார்."

என் கையின் மேலே அவள் கையை வைத்துத் தூக்கினாள். கொஞ்சம்தான். புரோப் தோலைவிட்டு எழக்கூட இல்லை. தமனிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில், கறுப்பாக இரண்டு வாய்கள் திறந்தன. சிரைகள். ஒன்றின் நடுவில் என் ஊசி கிடந்தது.

அழுத்தி அழுத்திச் சப்பையாக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் திரையில் காணவில்லை. அதனால்தான் இழுத்தபோது ரத்தமும் வரவில்லை. மருந்து முழுவதும் அந்தச் சிரைக்குள் போயிருந்தால் முதலில் வலிப்பு, பிறகு இதயம். பலமில்லாத இந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியாது. உள்ளே போனது துளி மருந்து. மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் ஆகவில்லை.

ஊசியை வெளியே எடுத்தேன். இப்போது இரண்டு வழிதான். நிறுத்திவிடலாம். நிறுத்தினால் சென்னைக்கு எழுதுவார்கள், முத்துப்பேச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், விஷயம் அத்தோடு முடிந்தது. அல்லது மறுபடியும் போடலாம்.

"முடிஞ்சுதா தாத்தா?" என்று குழந்தை கேட்டது.

இன்னும் இல்லை என்றேன். புரோபை ஜெஸிந்தாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "நீ போடு. நான் தள்ளுறேன்" என்றேன்.

அவள் கையில் புரோப் தோலின்மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சிரைகள் திறந்தபடி இருந்தன, அவற்றைச் சுற்றிக்கொண்டு ஊசி போயிற்று. அவள் கொடுங்க என்றபோதெல்லாம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மருந்து பரவியது. கொஞ்ச நேரத்தில் கை மரத்தது. சர்ஜன் வெட்டும்போது குழந்தை பொம்மைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு கடைசிவரை அதனுடையதுதான்.

ஜூன் 21, வெள்ளி

தாழ்வாரத்தில் நடேசன் என்னையும் ஜெஸிந்தாவையும் நிறுத்தினான். நேற்று ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், குழந்தை அசைந்துகொண்டே இருந்தது என்று சொல்லிவிட்டாள் ஜெஸிந்தா.

குழந்தை அசையவே இல்லை.

நாள் முழுவதும் இதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. அவள் போட்டுக்கொடுத்திருந்தால் அவளை வெறுக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 24, திங்கள்

பெரியவர்கள் ஆபரேஷன் மட்டும். வேலை அதிகம். ஒன்றுமில்லை.

ஜூன் 27, வியாழன்

தன்ஷிகாவின் கட்டைப் பிரித்தார்கள். தையல்கள் சுத்தமாக இருக்கின்றன. முன்கையிலிருந்து எடுத்து ஒட்டவைத்த தோல் பிடித்திருக்கிறது. மூன்று விரல்களும் நிமிர்ந்துவிட்டன. சர்ஜன் அசைக்கச் சொன்னபோது நடுவிரல் கொஞ்சம், மற்ற இரண்டும் மிகக் கொஞ்சம் அசைந்தன. பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்றார். முத்துப்பேச்சி அந்த விரல்களைத் தொடப் பயந்து, காற்றிலேயே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்க நல்லா இருக்கணும் சார் என்றாள். நான் ஜெஸிந்தாவைக் கைகாட்டினேன். அவளையும் கும்பிட்டுவிட்டு மறுபடி என்னையே கும்பிட்டாள். முதலில் சரி என்று சொன்னது நான்தானாம்.

குழந்தைக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"தாத்தா, அன்னைக்கு ஊசிய ஏன் அந்த அக்காகிட்ட குடுத்தீங்க?"

பொம்மைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கை வலித்தது என்றேன்.

"இப்ப வலிக்கா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல" என்றது.

ஜூன் 29, சனி

திங்கட்கிழமைப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வயதுக் குழந்தை, குடலிறக்கம், ஊசி போடுவது நான். ஜெஸிந்தா லீவு, தூத்துக்குடியில் தம்பி கல்யாணம். கிளம்புவதற்கு முன் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள், பத்திரிகையை மட்டும் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க சார் என்றாள். விசாலத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

திங்கட்கிழமை என் பக்கத்தில் மருந்து தள்ளப்போவது முதல் வருட மாணவன். கொடு என்றால் கொடுப்பான்.

ஜூன் 30, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு விசாலத்தைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். தையலுக்குப் பயன்படும் நைலான் நூல் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்து, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், என் விரல் நுனிகளில் வரிசை இல்லாமல் இதன் முனையால் தொடு, தொட்டது தெரிந்தால் நான் எந்த விரல் என்று சொல்வேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததும் எனக்குக் கோபம்தான்.

கைகளை மேஜைமேல் விரித்து வைத்துக் கண்ணை மூடினேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது, நின்றது. தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டே தாண்டிப்போனான். வேண்டுமென்றே என்னைக் காக்கவைக்கிறாள் என்று நினைத்தேன். இவளுக்கும் என்மேல் ஏதாவது இருக்கும்.

"ஆரம்பிக்கப்போறியா இல்லையா?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். நூல் என் வலது ஆள்காட்டி விரலின்மேல் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு கையும் முடிஞ்சாச்சு. ஒண்ணாவது சொல்லுவீங்கன்னு திரும்பத் திரும்பத் தொட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நூலை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். நடேசன் துறைத் தலைவர் ஆன அன்றைக்கே அவன் நம்பரை என் போனிலிருந்து அழித்துவிட்டிருந்தேன். விசாலத்தின் போனில் இருந்தது. அவளும் நடேசனின் மனைவியும் இத்தனை வருடமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

விசாலம் என்று நினைத்து, என்னம்மா என்றான். நான் என்றேன். "சொல்லு குத்தாலம்" என்றான். கல்லூரியில் என்னைக் கூப்பிட்ட பெயர்.

நாளைப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிடு என்றேன். லீவா என்று கேட்டான். லீவு இல்லை, வருவேன், வாயு கொடுக்கிறேன், ஊசி மட்டும் வேண்டாம் என்றேன். நாளைக்கு மட்டுமா என்றான். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான்.

சொன்னேன். ஊசி மழுங்கல் என்று சொல்லவில்லை. இருபதாம் தேதி நடந்ததையும், குழந்தை அசையவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. இருந்தான்.